‘மூணு தரம்’ சொல்வதற்கு முன்னால்: ஏலம் பற்றி வாசகர் கேள்விகள்

ஏலத்தில் பொருள் வாங்குவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பதில்கள் எந்த ஊர் ஏலத்துக்கும் பொருந்தும். கட்டண விகிதமும் விதிமுறையும் மட்டும் ஏலத்துக்கு ஏலம் மாறும். அவற்றை அந்தந்த ஏலத்தின் நிபந்தனைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை ஏலக்கூடத்தின் வாசலை மிதித்ததில்லை. முதல்முறை போகும்போது எதைக் கையில் எடுத்துப் போக வேண்டும்?

பணத்தை எடுத்துப் போகாதீர்கள். பட்டியலும் பேனாவும் போதும். நீங்கள் வாங்க நினைக்கும் வகையில் பத்துப் பதினைந்து பொருள்கள் எவ்வளவுக்கு முடிகின்றன என்று பட்டியலில் லாட் எண்ணுக்கு எதிரே குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரே தடவையில் ஏலம் விடும் பொருளோ பொருள் தொகுதியோதான் லாட். பட்டியலில் அச்சிட்ட மதிப்பீட்டு விலை, வருகிறவர்களை இழுப்பதற்காகவே பல நேரம் குறைத்துப் போடப்படுகிறது. அதற்கும் முடியும் விலைக்கும் எவ்வளவு தூரம் என்பது நேரில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும்.

இரண்டாம் முறை வாங்கவே போகலாம். அடையாளச் சான்றைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். சில இடங்களில் டெபாசிட் கேட்பார்கள். ஒரு எண் அட்டை கொடுப்பார்கள். அன்று முழுக்க நீங்கள் அந்த எண்தான், ஆகவே அட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். சாதாரண வீட்டுச் சாமான் ஏலத்தில் மணிக்கு 80 முதல் 120 லாட் ஓடிவிடும். பத்து மணிக்குத் தொடங்கி மணிக்கு 100 வீதம் போனால் 340ஆம் லாட் ஒன்றரை மணி வாக்கில் வரும். ஏலம் விடுபவர் கொஞ்சம் வேகக்காரர் என்றால் 12.50க்கே வந்துவிடும். பன்னிரண்டரைக்கு இருக்கையில் இருங்கள்.

எவ்வளவு வரை கேட்கலாம் என்பதை எப்படி முடிவு செய்வது? எப்போதும் கணக்கை மீறிவிடுகிறது.

பெரும்பாலானவர்கள் சுத்தியல் விழும் தொகையை விலை என்று நினைக்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. பொருள் வீட்டுக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு உதாரணம். அதே நிலையில் உள்ள பழைய பொருள் வெளியே 20,000க்குக் கிடைக்கிறது. வண்டிக்கூலி 1,500, பழுது பார்க்க 2,500. மிச்சம் 16,000. சுத்தியல் தொகைக்கு மேல் ஏல நிறுவனம் உங்களிடம் வாங்கும் ‘வாங்குபவர் கமிஷன்’ 25 சதவீதம் என்றால் 16,000இல் கால்வாசியைக் கழிக்கக் கூடாது, 1.25ஆல் வகுக்க வேண்டும். 12,800 வரும். கமிஷனுக்கு மட்டும் 20 சதவீத வரி உண்டு என்றால் கமிஷன் 30 சதவீதம் ஆகிறது. 1.30ஆல் வகுத்தால் சுமார் 12,300. வரி மொத்தத் தொகைக்கும் உண்டு என்றால் 1.50ஆல் வகுக்க வேண்டும், சுமார் 10,660தான் உங்கள் எல்லை. அதே பொருள், அதே பணம்தான். நிபந்தனைத் தாளில் ஒரே ஒரு வாக்கியம் மாறியதில் 1,600க்கு மேல் வித்தியாசம். கூடத்துக்குப் போகாமல் வேறொரு இணையதளம் வழியாக நேரலையில் கேட்டால், அந்தத் தளத்துக்குப் பெரும்பாலும் இன்னும் 3 முதல் 5 சதவீதம் சேரும்.

இந்தக் கமிஷன் எப்போது வந்தது என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். லண்டனில் சோத்பிஸ், கிறிஸ்டிஸ் என்ற இரண்டு பெரிய ஏல நிறுவனங்களும் 1975இல் வாங்குபவரிடம் 10 சதவீதம் வாங்கத் தொடங்கின. விற்பவரிடம் வாங்கும் கமிஷன் வேறு. இன்று பெரிய நிறுவனங்களில் 20 சதவீதத்துக்கு மேல் என்பது சாதாரணம்.

எல்லைத் தொகையை முடிவு செய்த பிறகு ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. கேட்பு 1,000 வீதம் ஏறுகிறது, உங்கள் எல்லை 12,000. பதினோராயிரத்தை நீங்கள் சொல்லியிருந்தால் 12,000 எதிராளி வாயில் போய்விடும். அவர் பதினோராயிரம் சொல்லியிருந்தால் 12,000 உங்களுடையது. யார் எந்தப் படியில் நிற்பார் என்பது வெறும் தற்செயல். அதனால் ‘இன்னும் ஒரு படி உண்டா, இல்லையா’ என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்து பட்டியலில் எழுதிவிடுங்கள். உண்டு என்று எழுதினால் ஒரே ஒரு படிதான். கூடத்தில் வைத்து முடிவு செய்யும் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ ஒன்றோடு நிற்பதில்லை.

ஏலத்துக்கு முன்னால் பொருள்களைப் பார்வைக்கு வைக்கும் முன்பார்வை நாளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எல்லோரும் சும்மா சுற்றிவருகிறார்கள்.

சுற்றி வருகிறவர்கள் சுற்றட்டும். ஏலப் பொருள் ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ விற்கப்படுகிறது. வாங்கிய பிறகு கண்ணில் படும் குறை உங்களுடையது. அதனால் காசு மிச்சமாவதும் போவதும் முன்பார்வை நாளில்தான். ஒரு டார்ச், அளவு நாடா, சின்ன காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸ் போதும். பீங்கான், ஓவியம் வாங்குகிறவர் புற ஊதா டார்ச் ஒன்றும் வைத்துக்கொள்ளட்டும். பிற்பாடு பூசிய பெயின்டும் ஒட்டுப் பசையும் அந்த வெளிச்சத்தில் பல நேரம் வேறு நிறமாகத் தெரியும்.

இழுப்பறை வைத்த மேசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு இழுப்பறையை முழுசாக வெளியே உருவித் தலைகீழாகத் திருப்புங்கள். ஓடி ஓடி அடிப்பக்க விளிம்பு தேய்ந்திருந்தால், அது உட்காரும் சட்டமும் அதே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது புதுசாக இருந்தால் இரண்டில் ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது. மூலையில் பல்லுக்குப் பல் கோத்த டவ்டெயில் இணைப்பைப் பாருங்கள். கையால் அறுத்தது என்றால் பற்கள் கொஞ்சம் ஏறுமாறாக இருக்கும், இயந்திரம் வெட்டியது அச்சடித்தது போல ஒரே அளவில் இருக்கும். ‘மிகப் பழையது’ என்று பட்டியல் சொல்லும் மேசையில் பற்கள் ஒரே அளவில் இருந்தால் யோசியுங்கள். முகப்புப் பலகையின் உட்பக்கத்தில் அடைத்த பழைய ஓட்டைகள் தெரிந்தால் கைப்பிடி மாற்றப்பட்டிருக்கிறது. அது பெரிய குற்றம் இல்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். பொடிப்பொடியாகத் துளைகள் இருந்தால் கறுப்புத் தாளை அடியில் பிடித்துத் தட்டுங்கள். வெளிர் நிறத்தில் புது மரத்தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. வீட்டில் இருக்கும் மற்ற மரச் சாமானுக்கும் அது பரவும்.

பீங்கானை வெறும் கண்ணால் நம்ப வேண்டாம். உள்ளங்கையில் நிறுத்தி விரல் முட்டியால் லேசாகத் தட்டினால் முழுசாக இருப்பது கணீரென்று ஒலிக்கும். மயிரிழை விரிசல் விட்டது டொக்கென்று செத்த சத்தம் தரும். காந்தம் ஒட்டினால் அது வெள்ளியோ பித்தளையோ இல்லை, உள்ளே இரும்பு. ஆனால் ஒட்டவில்லை என்பதாலேயே வெள்ளி என்று ஆகிவிடாது, செம்பின்மேல் பூசிய முலாமும் ஒட்டாது.

அளவு நாடா பொருளுக்கு மட்டும் இல்லை. வீட்டு நிலைக்கதவின் அகலம், மாடிப்படித் திருப்பம் இரண்டையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஏலத்தில் எடுத்த அலமாரியை வாசலில் வைத்துக்கொண்டு ரம்பம் தேடுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

பல சில்லறைப் பொருள்களை ஒன்றாகப் போட்டு ஒரே லாட்டாக விடும் கலவைப் பெட்டி வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. ஒரு பெட்டியில் இருக்கும் நல்ல பொருளை வேறொரு மலிவான பெட்டிக்கு நைசாக மாற்றிவைக்கும் ஆட்கள் உண்டு. முன்பார்வையில் படம் எடுத்துவைத்து, ஏலத்தன்று காலையில் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். பொருள் இடம் மாறியிருந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், நீங்களாக எடுத்து மாற்ற வேண்டாம்.

ஓவியப் பட்டியலில் ‘இன்னாருடையது’, ‘இன்னார் பாணி’ என்றெல்லாம் இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. ஓவியரின் பெயர் எந்த அடைமொழியும் இல்லாமல் இருந்தால், அது அவர் வரைந்ததே என்பது ஏல நிறுவனத்தின் கருத்து. ‘அவருடையதாகக் கருதப்படுவது’ என்றால் அநேகமாக அவர், ஆனால் உறுதி குறைவு. ‘அவருடைய பட்டறை’ என்றால் அவர் மேற்பார்வையில் வேறொருவர் வரைந்திருக்கலாம். ‘வட்டம்’ அவர் காலத்தவர், அவர் தாக்கம் உள்ளவர். ‘பாணி’ என்றால் அவரைப் போல வரைந்தது, பெரும்பாலும் பிற்காலத்தில். ‘அவரை ஒட்டி’ என்பது நகல். கையெழுத்திலும் இதே விளையாட்டு உண்டு. ‘கையெழுத்திட்டது’ என்றால் அவரே போட்டது என்று கருதுகிறார்கள். ‘கையெழுத்து காணப்படுகிறது’ என்றால் வேறு யாரோ போட்டது என்று கருதுகிறார்கள். ஆங்கிலப் பட்டியலில் ‘ஏ/எஃப்’ என்ற இரண்டு எழுத்தைப் பார்த்தால் குறை உள்ள பொருள் என்று எச்சரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். என்ன குறை என்பதை நீங்கள்தான் தேட வேண்டும். விலை உயர்ந்த பொருளுக்கு, அதன் குறைகளைச் சொல்லும் நிலை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் கட்டணமில்லாமல் அனுப்புவார்கள்.

ஆறு நாற்காலி கொண்ட லாட்டை 500க்கு எடுத்தேன். பில் 3,000 என்று வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அது ‘ஒன்றுக்கு இவ்வளவு’ என்று விட்ட லாட். சுத்தியல் விழுந்த தொகையை எண்ணிக்கையால் பெருக்குவார்கள். ஏலம் தொடங்கும்போது ஏலம் விடுபவர் ஒருமுறை சொல்லியிருப்பார், கூட்டச் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. ஒரே மாதிரிப் பொருள் பல இருக்கும் லாட் என்றால் முதல் கேட்புக்கு முன்னாலேயே ‘மொத்தத்துக்கா, ஒன்றுக்கா?’ என்று சத்தமாகக் கேட்டுவிடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கும்.

கூடத்தில் மூக்கைச் சொறிந்தால்கூட நம் தலையில் கட்டிவிடுவார்களாமே?

நகைச்சுவைக் காட்சிகளில் மட்டும். சந்தேகம் வந்தால் ஏலம் விடுபவர் உங்களைப் பார்த்துக் கேட்பார், தலையை ஆட்டி இல்லை என்றால் போதும். தவறாக எடுத்துக்கொண்டால் அந்த நொடியே குரல் கொடுங்கள். சுத்தியல் விழும்வரை கேட்பைத் திரும்பப் பெறலாம் என்பது பல நாட்டுச் சட்டங்களில் உள்ள பொது விதி. விழுந்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது.

முதல் ஆளாகக் கேட்காதீர்கள். ஏலம் விடுபவர் சொல்லும் ஆரம்பத் தொகைக்கு ஒரு கையும் எழவில்லை என்றால் அவரே இறங்கி வருவார். இரண்டு மூன்று பேர் மோதி ஓய்ந்து, ‘ஒரு தரம்’ என்ற கட்டம் நெருங்கும்போது உள்ளே வாருங்கள். அட்டையைத் தெளிவாக உயர்த்துங்கள். ஓரமாகவோ பின்னாலோ நின்றால் எதிராளி யார் என்று தெரியும். பொருளை நன்கு அறிந்த வியாபாரி ஒருவர் எதிரே நின்றால் அவர் நிறுத்தும் தொகை உங்களுக்கு இலவசத் தகவல். அவர் மறுவிற்பனை லாபத்துக்கு இடம் விட்டுத்தான் நிறுத்துவார்.

1,000 வீதம் ஏறும்போது 500 மட்டும் ஏற்ற நினைத்தால் கையைப் படுக்கவைத்து வெட்டுவது போலக் காட்டலாம். ஏலம் விடுபவர் ஏற்கவும் செய்வார், மறுக்கவும் செய்வார். ஆனால் உங்கள் பை காலியாகிறது என்று எதிராளிக்கும் அது சொல்லிவிடும்.

எனக்கு எதிராகக் கேட்டவரை நான் பார்க்கவே இல்லை. சுவரைக் காட்டிக் காட்டி ஏற்றினார்கள்.

தொலைபேசியிலோ, இணையத்திலோ, முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவருக்காகவோ கேட்டிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. விற்பவர் ‘இதற்குக் கீழே தர மாட்டேன்’ என்று சொல்லிவைத்திருக்கும் ரிசர்வ் விலையைத் தொடும்வரை, விற்பவர் சார்பில் ஏலம் விடுபவரே கேட்புகளை ஏற்றிக்கொண்டு போவது பல இடங்களில் அனுமதிக்கப்பட்டதுதான். நிபந்தனைத் தாளில் இருக்கும். ரிசர்வ் விலை பொதுவாக, பட்டியலில் ‘இவ்வளவு முதல் இவ்வளவு வரை’ என்று போடும் மதிப்பீட்டின் கீழ்த் தொகையைத் தாண்டாது. அதைத் தாண்டியும் பொய் ஆளை வைத்து ஏற்றிவிடுவது மோசடி.

இதற்கும் மருந்து எல்லைத் தொகைதான். எதிரே இருப்பது ஆளா, சுவரா என்பது நீங்கள் எழுதிவைத்த எண்ணை மாற்றக் கூடாது.

இணைய ஏலத்தில் கடைசி நொடியில் யாரோ தட்டிப் பறித்துவிடுகிறார்கள். நானும் அப்படியே செய்யலாமா?

முதலில் அந்த ஏலம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். குறித்த நொடியில் பட்டென்று மூடும் வகையில், உங்கள் முழு எல்லைத் தொகையையும் கடைசி நொடிகளில் ஒரே முறை போடுவது நல்ல வழி. அந்தத் தொகை அப்படியே போய்விடாது. இரண்டாவது பெரிய கேட்பைவிட ஒரு படி மேலே மட்டுமே தளம் உங்களுக்காகக் கேட்கும். ‘வென்றவர் இரண்டாவது விலையைக் கொடுத்தால் போதும், அப்போது எல்லோரும் தங்கள் உண்மையான மதிப்பையே எழுதுவார்கள்’ என்று 1961இல் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் எழுதிய கட்டுரையின் தர்க்கத்தோடு இது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அவருக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு நாள் முன்பே கேட்டால், ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததுதான் மிச்சம். முன்கூட்டிக் கேட்பதில் ஒரே ஒரு நன்மை, இருவர் ஒரே தொகை போட்டிருந்தால் முதலில் போட்டவருக்கு.

கடைசி சில நிமிடங்களில் கேட்பு வந்தால் நேரம் தானாக நீளும் வகையில் இந்த வித்தை எடுபடாது. எல்லையைப் போட்டுவிட்டுத் திரையை மூடிவிடுங்கள்.

ஏலம் முடிந்த பிறகு ‘வென்றவர் பின்வாங்கிவிட்டார், தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் உங்களுக்குத் தருகிறேன்’ என்று தனிச் செய்தி வந்தால் அழித்துவிடுங்கள்.

மூடிய உறையில் விலை கேட்கிறார்கள். எந்தத் தொகை எழுதுவது?

இங்கே நீங்கள் எழுதியதையே கொடுக்க வேண்டும். அதனால் எல்லையை எழுதாமல் அதற்குக் கீழே எழுதுங்கள். 12,000 என்று முழு எண் போடாமல் 12,070 மாதிரி எழுதினால், அதே முழு எண்ணை எழுதிய இன்னொருவரைத் தாண்டிவிடலாம். எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் தொகை ஒத்துப்போகட்டும், முன்பணம் இணைக்க மறந்தால் உறை தள்ளுபடி ஆகும்.

பொருளின் மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாத ஏலத்தில் ஜெயிப்பவரே பெரும்பாலும் அதிகமாக மதிப்பிட்டவர். இதற்கு ‘வென்றவர் சாபம்’ என்று பெயர். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களுக்கு ஏலம் கேட்ட நிறுவனங்களின் அனுபவத்தை வைத்து, மூன்று பொறியாளர்கள் 1971இல் இதை விளக்கினார்கள். இதன்படி, போட்டிக்கு ஆள் கூடும்போது இன்னும் குறைவாக எழுத வேண்டும். நம் புத்தி நேர் எதிராகச் சொல்லும்.

நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் மலர் ஏலம் போல விலை மேலிருந்து இறங்கும் வகையிலும் கணக்கு இதேதான். முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பொருள், அவர் நிறுத்திய விலையே அவர் கொடுக்கும் விலை.

ஏலத்தில் பழைய வண்டி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டு. ஸ்டார்ட் செய்து காட்டும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் எஞ்சின் மேல் கை வையுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்ப மறுப்பதையோ புகைவதையோ யாரோ மறைத்திருக்கலாம். சேஸி எண் ஆவணத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி இருக்கிறதா, சாவி எத்தனை என்று பாருங்கள். ஆவணம் ‘பிறகு வரும்’ என்றால் வண்டியும் பிறகே வரட்டும்.

நானும் நண்பரும் ஒரே பொருளைக் குறிவைத்திருக்கிறோம். ஒருவர் மட்டும் கேட்பது என்று பேசிக்கொள்ளலாமா?

இருவரும் பணம் போட்டுக் கூட்டாக வாங்குவது வேறு, அதை வெளிப்படையாகவே செய்யலாம். போட்டி போடாமல் இருந்து மலிவாக எடுத்து, பிறகு தங்களுக்குள் பங்கு போடுவது சிண்டிகேட். பல நாடுகளில் அது குற்றம். ஏலக்கூடத்து டீக்கடையில் ‘நீங்க விட்டுக்கொடுங்க, பார்த்துக்கலாம்’ என்று அறிமுகமில்லாதவர் தோளில் கை போட்டால் நகர்ந்துவிடுங்கள்.

ஏலம் எனக்கு விழுந்தது. அடுத்து?

பல ஏலங்களில் சுத்தியல் விழுந்த நொடியிலிருந்தே பொருளுக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு உங்களுடையது, பொருள் அவர்கள் கிடங்கில் இருந்தாலும். பணம் கட்டக் கெடு ஒரு நாளிலிருந்து ஒரு வாரம் வரை இருக்கும். அதற்குப் பிறகு கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஓடும். கட்டாமல் விட்டால் டெபாசிட் போகும். மறு ஏலத்தில் விலை குறைந்தால் அந்த வித்தியாசத்தையும் உங்களிடம் கேட்கலாம்.

எடுத்துப் போக வரும்போது போர்வை, கயிறு, துணைக்கு ஒரு ஆள், ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வாருங்கள். கிடங்கு ஊழியர்கள் எடுத்துக் கொடுப்பார்கள், பல இடங்களில் வண்டியில் ஏற்றித் தரமாட்டார்கள். கையெழுத்துப் போடும் முன் லாட் எண்ணையும் உருப்படி எண்ணிக்கையையும் சரிபாருங்கள். பழைய மின்சாதனத்தை வீட்டில் உடனே சொருகிப் பார்க்காமல் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டிய பிறகு போடுங்கள்.

நான் விரும்பிய பொருள் விலைபோகாமல் திரும்பிவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. ரிசர்வ் விலையைத் தொடாமல் நின்ற பொருள் அது. ஏலம் முடிந்ததும் அலுவலகத்துக்குப் போய், லாட் எண்ணைச் சொல்லி உங்கள் தொகையை எழுதிக் கொடுங்கள். விற்பவரிடம் கேட்டுச் சொல்வார்கள். திருப்பி எடுத்துப் போகும் வண்டிக்கூலியை நினைத்து அவர் இறங்கிவர வாய்ப்பு உண்டு. இந்த வழியில் வாங்கினாலும் கமிஷன் பெரும்பாலும் உண்டு, 1.25ஆல் வகுக்க மறக்க வேண்டாம்.